கடற்பாசியைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி? தாராவித் தமிழ் வகுப்புக்கு ஒரு விரிவான பதில்

தாராவியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “5 முதல் 8 வயது வரை 16 பிள்ளைகள் வருகிறார்கள். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பொருள் என்று கடற்பாசியைப் பற்றிச் சொல்லித்தர ஆசை. படம் காட்டிப் பேசினால் பத்து நிமிஷத்தில் கவனம் கலைந்துவிடும். கையால் செய்கிற மாதிரி என்ன இருக்கிறது? ஒரே ஒரு கேஸ் அடுப்புதான் உண்டு, பெரிய செலவும் கூடாது.”

நான்கு ஞாயிறு ஒதுக்க முடிந்தால் அருமையாகச் செய்யலாம், டீச்சர். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். “பிளாஸ்டிக் கெட்டது, கடற்பாசி நல்லது” என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இந்த வயதில் பதிய வேண்டியவை மூன்று: இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, கையில் பிடித்தால் எப்படி இருக்கிறது, வேலை முடிந்ததும் எங்கே போகிறது. பெரும்பாலான பொருள்களில் முதலாவதும் மூன்றாவதும் நம் கண்ணில் படுவதே இல்லை. கடற்பாசியில் மூன்றையும் சில வாரங்களுக்குள் வகுப்பறையிலேயே காட்டிவிடலாம்.

முதல் வகுப்பை அடுப்பங்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வைக்கிற வீட்டுப் பிள்ளைகள் இஃப்தாருக்குச் செய்யும் கடல்பாசியைச் சாப்பிட்டிருப்பார்கள். மற்ற வீடுகளில் சைனா கிராஸ் என்றால் தெரியும். அது அகர் அகர், கடற்பாசியிலிருந்து எடுப்பது. மாட்டுங்காவின் நம் ஊர் மளிகைக் கடைகளிலும், கிராஃபோர்ட் மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் நாராகவும் தூளாகவும் கிடைக்கும். வகுப்புக்குத் தூள்தான் சௌகரியம். நார் என்றால் அரை மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும், கரையவும் நேரம் பிடிக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். அகர் அகர் ஒன்று மட்டுமே சேர்மானத்தில் இருக்க வேண்டும். “ஜெல்லி மிக்ஸ்” என்று விற்பதில் பாதிக்கு மேல் சர்க்கரையாக இருக்கும், பலவற்றில் ஜெலட்டின் கலந்திருக்கும். ஜெலட்டின் மாட்டின் எலும்பு, பன்றியின் தோல் போன்றவற்றிலிருந்து வருவது. சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் பெற்றோரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஜெல்லிக்கு அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 8 முதல் 10 கிராம் தூள், 8 மேசைக்கரண்டி சர்க்கரை. தூளைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் வெந்து, உள்ளே உலர்ந்த தூளோடு கட்டி கட்டியாக நின்றுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. பத்து நிமிஷம் ஊறவிட்டு, கிளறிக்கொண்டே கொதி வரவைத்து, கொதி வந்த பிறகும் 3 நிமிஷம் சிறு தீயில் வையுங்கள். அகர் முழுதாகக் கரைய கிட்டத்தட்ட கொதிநிலையே வேண்டும். “சூடாகத்தானே இருக்கிறது, போதும்” என்று முன்னாலேயே இறக்கினால் அடியில் மணல் மாதிரித் தங்கும், மேலே தண்ணீராக நிற்கும். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகரின் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

இதில் பிள்ளைகளைக் கவர்கிற விஷயம் ஒன்று உண்டு. 35-40 டிகிரிக்கு ஆறினாலே அகர் உறைந்துவிடும், பிரிட்ஜ் தேவையில்லை. உறைந்ததை மறுபடி உருக்க வேண்டும் என்றால் 85 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதனால் மும்பை மே மாத வெயிலில் வைத்தாலும் உருகாது. ஒரு தட்டில் ஐஸ் கட்டியும் பக்கத்தில் அகர்த் துண்டும் வைத்துச் சன்னலோரம் வெயில்படவிடுங்கள். எது முதலில் ஓடும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் வெக்கையில் உருகிக்கொண்டே இருந்தபோது, அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ் தன் சமையலில் இருந்த அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடத் தட்டுகளில் இருப்பது அதுதான். வகுப்பில் 8 வயதுக்காரர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள், கண் விரியக் கேட்பார்கள்.

சாப்பிடக் கொடுக்கும்போது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது: கெட்டியான அகர்த் துண்டு வாயில் கரையாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சின்னக் கப்பில் ஊற்றி, உறிஞ்சிச் சாப்பிடும்படி கொடுக்கவே கூடாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய துண்டுகளாக நறுக்கி, உட்காரவைத்து, மென்று சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள். கூடவே வரும் தம்பி தங்கைகள் 4 வயதுக்குக் கீழே இருந்தால் அவர்களுக்கு வேண்டாம்.

அதே வகுப்பிலேயே உலர்ந்த கடற்பாசியையும் கையில் கொடுத்துவிடுங்கள். ஜப்பானியச் சமையல் சாமான் விற்கும் கடைகளில் வாகமே என்ற பெயரில் உலர்ந்த பாசி கிடைக்கும். ஒரு தேக்கரண்டி போதும். கறுப்புத் தேயிலைத் தூள் போல இருப்பதைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் பத்து நிமிஷத்தில் பச்சை இலையாக விரிந்து டம்ளரை நிரப்பும். ஒவ்வொருவரும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும், விரலால் வழுக்கிப் பார்க்கட்டும். அந்த வழுவழுப்பு பாசியின் உடம்பில் இருக்கும் ஒரு பசை; பின்னால் நாம் தாள் செய்யப்போகும் அகரும் வேறு வகைப் பாசியில் இருக்கும் அதுபோன்ற பசைதான். அலை இழுக்கிற இழுப்பில் முறியாமல் வளையவும், நீர் வற்றினால் காய்ந்து போகாமல் இருக்கவும் பாசி அதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

இரண்டாவது வகுப்பில் கடலுக்கு வரலாம். தாராவித் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். இந்தியாவில் கடற்பாசி அதிகம் எடுக்கிற கடலும் அதை ஒட்டியதுதான்: ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடா. வரைபடத்தில் முதலில் அவரவர் ஊரை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு விரலை அப்படியே கடலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பாம்பன், மண்டபம் பகுதியில் தலைமுறைகளாகப் பெண்கள்தான் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. இந்த நான்கையும் ஒரு பிள்ளைக்கு அணிவித்து நிறுத்துங்கள். வகுப்புக்கு அதைவிட நல்ல படம் கிடையாது. அவர்கள் சொல்கிற பெயர்களும் அழகானவை: அகர் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, பழுப்பு நிறக் கட்டக்கோரை, தொட்டால் கரடுமுரடாக இருக்கும் பக்கோடாப் பாசி. பக்கோடா என்றதும் வகுப்பே சிரிக்கும், அந்தப் பெயர் ஆயுசுக்கும் நிற்கும்.

கடற்பாசி செடி மாதிரி இருந்தாலும் அதற்கு வேர் கிடையாது. அடியில் இருப்பது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடி மட்டுமே. உணவையும் நீரையும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வளர மண் வேண்டாம், குடிக்கிற தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். கடலும் வெயிலும் போதும். மும்பையில் தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தோடு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு “நல்ல தண்ணியே ஊத்தாம வளருது” என்பதன் மதிப்பை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

மிதவையில் வளர்ப்பதைத் தரையில் காட்டுங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறுகளைப் போட்டு, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து மிதக்கவிடுகிறார்கள். ஒரு மிதவை 12 அடிக்கு 12 அடி. சாக்பீஸால் தரையில் அந்தச் சதுரத்தை வரைந்து 16 பேரையும் உள்ளே உட்காரவையுங்கள். ஒரு மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் அறுக்கலாம். 60 கிலோ என்றால் உங்கள் வகுப்பில் மூன்று பேர் எடை. மூன்று பேரை எழுந்து நிற்கச் சொல்லி, “45 நாள் கழித்து” என்று பத்துப் பேரை நிறுத்துங்கள். எண் தெரியாத பிள்ளைக்கும் விளங்கிவிடும். பிறகு இரண்டு இரண்டு பேராக நான்கு ஈர்க்குச்சியைச் சதுரமாகக் கட்டி, நூலில் கம்பளித் துண்டுகளை முடிந்து டப்பில் மிதக்கவிடலாம். முடிச்சுப் போட வராத சின்னவர்களுக்கு நூலைச் சுற்றிவிட்டால் போதும். இப்படி மிதவையில் வளர்ப்பது பெரும்பாலும் கப்பாஃபைகஸ் என்ற வகை. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இதில் முதலீடு செய்ததால் அந்தக் கரையில் அதற்குப் “பெப்சி பாசி” என்றே பெயர். இதிலிருந்து கிடைப்பது கராஜீனன். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்கப் போடுவது. நம் ஜெல்லிக்கான அகர் இதிலிருந்து வருவதில்லை, அதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வகுப்புத்தான் பிள்ளைகள் காத்திருப்பது: கடற்பாசித் தாள் செய்வது. பார்க்கப் பிளாஸ்டிக் கவர் போலவே ஒளி ஊடுருவும், மடங்கும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்றால் 8 தட்டு. 20 சென்டிமீட்டர் அகலத் தட்டில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற ஏறக்குறைய 100 மி.லி. பிடிக்கும். ஆவியாவதையும் சேர்த்து 1 லிட்டர் தண்ணீர், 20 கிராம் அகர் தூள், 15 மி.லி. கிளிசரின். கிளிசரின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். சமையல் தராசு இருந்தால் நிறுத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் 5 மி.லி. கரண்டியில் தலைதட்டி 8 கரண்டி கிட்டத்தட்ட 20 கிராம் வரும். அகரும் கிளிசரினும் சேர்ந்து உங்கள் செலவு 500 ரூபாயைத் தாண்டாது.

அகர் தாளுக்கு உடம்பைக் கொடுக்கிறது, கிளிசரின் வளையும் தன்மையைக் கொடுக்கிறது. கிளிசரின் இல்லாமல் செய்தால் காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்கும். கூடிப்போனால் எப்போதும் பிசுபிசுக்கும், ஏனென்றால் கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மும்பையில் இதுதான் பலருக்குச் சறுக்குகிற இடம். வெளிநாட்டுக் குறிப்புகளில் அகரைப்போல இரண்டு மூன்று பங்கு கிளிசரின் போடச் சொல்லியிருக்கும். ஹீட்டர் ஓடும் உலர்ந்த அறைக்கு அது சரி, கடலோர ஈரத்துக்கு ஆகாது. டிசம்பர், ஜனவரியில் மேலே சொன்ன 15 மி.லி. சரியாக இருக்கும். காற்றில் ஈரம் ஏறிய மாதங்களில் 8 மி.லி. போதும்.

ஜெல்லிக்குச் சொன்ன மாதிரியே பச்சைத் தண்ணீரில் அகரையும் கிளிசரினையும் கலக்கி, ஊறவிட்டு, கொதிக்கவிட்டு, 5 நிமிஷம் சிறு தீயில் கிளறுங்கள். பொங்கி நுரைத்து வரும். 3 லிட்டர் பாத்திரமாக இருக்கட்டும். இறக்கி இரண்டு நிமிஷம் அசையாமல் வைத்து, மேல் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். நுரையோடு ஊற்றினால் காய்ந்தபின் ஒவ்வொரு குமிழும் ஓட்டையாக நிற்கும், அங்கேதான் முதலில் கிழியும். அடுப்பும் ஊற்றுவதும் முழுக்கப் பெரியவர் வேலை. அகர்க் குழம்பு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் வெந்நீரைவிட ஆபத்து. பிள்ளைகளைத் தட்டோடு வேறு மூலையில் உட்காரவைத்து, 60 டிகிரி அளவுக்கு ஆறியபின் தட்டுக்குத் தட்டு நீங்களே ஊற்றுங்கள். நடுவில் ஓரம் உறையத் தொடங்கினால் மறுபடி அடுப்பில் வைத்தால் இளகிவிடும், ஒன்றும் கெடாது. தட்டைத் தரையில் சமமாக வைத்து, ஊற்றியபின் கால்மணி நேரம் யாரும் தொடக் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்த தட்டில் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் காகிதமாயும் போய், காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை அருமை. பீட்ரூட் சாறு ஊற்றினால் முதல் நாள் கொள்ளை அழகு, ஆனால் அதிலுள்ள சர்க்கரை பூஞ்சையைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வரும், நிறமும் வெளுத்துவிடும். ஊற்றியதும் வேப்பிலை, சாமந்தி இதழ் எதையாவது பிள்ளைகள் மேலே வைக்கலாம்; மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்த இலை வைத்த இடம் காயாது.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், மேற்புறம் சட்டென்று காய்ந்து சுருங்க, அடிப்புறம் ஈரமாகவே இருக்க, தாள் படகுபோல் வளைந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். முதல் நாள் தட்டிலேயே இருக்கட்டும். அடுத்த நாள் மெல்லத் தூக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பழைய வேட்டித் துணிமேல் போட்டு, ஓரங்களில் துணி கிளிப் மாட்டிவிட்டால் இரண்டு பக்கமும் காற்றுப் படும், சுருங்கவும் விடாது. குளிர்காலத்தில் மூன்று நாளில் தயார். 3 மில்லிமீட்டர் கனம் ஒரு கவர் கனத்துக்கு இறங்கியிருக்கும். எங்கே போயிற்று அவ்வளவும் என்று கேளுங்கள். தண்ணீர் காற்றோடு போனதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதைத் தொடாதீர்கள் டீச்சர். மும்பை மழையில் ஒரு வாரமானாலும் காயாது, நான்காம் நாள் கறுப்புப் புள்ளி விழும். பூஞ்சை பிடித்த தாளைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, நேராகத் தொட்டி மண்ணுக்குத்தான்.

நான்காவது ஞாயிறு பரிசோதனை. தாளிலிருந்தும் ஒரு பழைய பிளாஸ்டிக் கவரிலிருந்தும் 5 சென்டிமீட்டர் சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். இழுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டாம். பச்சைத் தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். பாசித் தாள் உப்பி, கொழகொழத்து, லேசாக இழுத்தாலே கிழியும். ஆனால் கரைந்து காணாமல் போகாது. “தண்ணீரில் கரையும்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். கொதிநீரில் நீங்கள் போட்டுக் காட்டும்போதுதான் உருகும். அந்தக் கொதிநீரை நன்றாக வற்றவைத்து மறுபடி ஒரு தட்டில் ஊற்றினால் இன்னொரு தாள் கிடைக்கும். அறுந்த துண்டெல்லாம் மீண்டும் தாளாக வருவதைப் பார்க்கிற பிள்ளைக்கு மறுபயன்பாடு என்ற சொல்லை அப்புறம் சொல்லித்தந்தால் போதும்.

மண் சோதனையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். ஒரு தொட்டியில் பாசித் தாள், பிளாஸ்டிக், வாழை இலை, செய்தித்தாள் என நான்கு துண்டுகளையும் பழைய கொசுவலைத் துணியில் தனித்தனியாக முடிந்து, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். வலை இல்லாமல் புதைத்தால் அடுத்த வாரம் தேடியே நேரம் போகும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஒரு கைப்பிடி மக்கிய உரமும் சேர்க்க வேண்டும். வெறும் தேங்காய்நார்த் தூளிலோ காய்ந்த மண்ணிலோ வைத்துவிட்டு “மக்கவே இல்லையே” என்பது வழக்கமாக நடக்கிற தவறு. தின்பதற்கு நுண்ணுயிர் இருந்தால்தானே மக்கும். ஒவ்வொரு ஞாயிறும் தோண்டிப் பார்த்துப் படம் வரையட்டும். பாசித் தாள் முதலில் உப்பி, பிறகு வழுவழுப்பாகி, சில வாரங்களில் வலையில் ஒன்றும் மிஞ்சாது. பிளாஸ்டிக் துண்டைக் கழுவினால் புதைத்த நாளில் இருந்தது போலவே இருக்கும்.

இதற்குப் பின் கேள்விகள் வரும், அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். “அப்போ இதுல தண்ணி எடுத்துட்டுப் போலாமா?” முடியாது. ஆனால் உடனே குடித்துவிடுகிற அளவு தண்ணீரை வைக்கலாம். லண்டனில் உள்ள நாட்ப்லா என்ற நிறுவனம் கடற்பாசியிலிருந்து செய்த சின்னப் பைகளில் பானத்தை அடைத்து 2019 லண்டன் மாரத்தானில் ஓடுகிறவர்களுக்குக் கொடுத்தது. வாயில் போட்டுக் கடித்தால் போதும், பையையும் விழுங்கலாம். 2022-இல் அந்த நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் முயற்சிகளுக்கான எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. பல மாதம் அலமாரியில் இருக்க வேண்டிய எண்ணெய்ப் பாக்கெட்டுக்கு நம் தட்டில் செய்த தாள் ஆகாது. ஒரு தடவை, சில நிமிஷம் மட்டும் பயன்படுகிற உறைக்கு இது பொருந்தும். மித்தி ஆறு உங்கள் பகுதியை ஒட்டித்தான் ஓடி மாகிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. பாலத்தின்மேல் நின்றால் கரையில் சிக்கியிருப்பதில் பெரும்பங்கு அப்படிச் சில நிமிஷம் பயன்பட்ட கவர்கள்தான். மகாராஷ்டிரத்தில் 2018-லேயே பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள், “அப்புறம் ஏன் இன்னும் கிடக்குது?” என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

“எல்லாரும் பாசியைப் பறிச்சா தீர்ந்துடாதா?” இது மிக நல்ல கேள்வி. தீர்ந்துவிடும். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி, பெண்களின் உரிமைக்காகவும், பாசி மறுபடி வளர அவகாசம் விட்டு எடுக்கும் முறைக்காகவும் நின்றவர். 2015-இல் அவருக்குத் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. அடிப் பிடியோடு பிடுங்கினால் பாறையில் மறுபடி முளைக்காது, நுனியை மட்டும் எடுத்தால் தழைக்கும். கொத்தமல்லித் தொட்டியில் இரண்டு தண்டை வேரோடும் இரண்டு தண்டை நுனியிலும் கிள்ளிக் காட்டினால் போதும். வளர்ப்புப் பாசியிலும் சிக்கல் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல் படர்ந்து அதை மூடியது பதிவாகியிருக்கிறது. 8 வயதுப் பிள்ளைக்கு இதை மறைக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில், எவ்வளவு, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எதுவும் நல்லது ஆகிறது என்று அவர்களுக்குப் புரியும்.

கடற்கரைக்குக் கூட்டிப்போக நினைத்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பாந்த்ரா, கார்ட்டர் ரோடு பக்கம் பாறைகளில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் நண்பகல் வாக்கில் கடல் உச்சத்துக்கு ஏறும், காலையிலும் மாலையிலும் 6-7 மணி வாக்கில் நன்றாக வற்றும். காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், விடியும் முன்போ இருட்டிய பிறகோ பாறையில் பிள்ளைகளோடு நிற்கக் கூடாது. நீர் ஏறத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும். பார்ப்பது மட்டும், பறிப்பது வேண்டாம். பாறையில் பாய் விரித்தாற்போல் கூட்டமாக ஒட்டியிருக்கும் சின்னப் பொத்தான் போன்ற உயிர்களில் சிலவற்றுக்கு நச்சு உண்டு, தொடவே கூடாது. அந்தக் கரையில் கழிவுநீர் கலக்கிறது, பாசி தான் நிற்கிற நீரில் உள்ளதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் அங்கிருந்து எடுத்துச் சமைப்பதோ தாள் செய்வதோ கூடாது.

இன்னும் ஒரு வகுப்புக்கு இடமிருந்தால் ஆல்ஜினேட் செய்யலாம். பழுப்புப் பாசியிலிருந்து எடுப்பது. பல் டாக்டர் அச்செடுக்க வாயில் வைக்கும் குழைவும் இதுதான். 500 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை முந்தின இரவே மிக்சியில் அடித்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டியும் குமிழும் தீராது. இன்னொரு பாத்திரத்தில் 500 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் கால்சியம் லாக்டேட். ஊசி இல்லாத சிரிஞ்சில் முதலாவதை எடுத்து இரண்டாவதில் சொட்டவிட்டால் சொட்டு ஒவ்வொன்றும் அந்த நொடியே முத்தாகும். கால்சியம் பட்ட இடத்தில் ஆல்ஜினேட் இறுகிவிடும் என்பதுதான் காரணம். மும்பை மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஏரிகளிலிருந்து வருவது, உப்பு குறைவு, அதில் நன்றாக வரும். டேங்கர் அல்லது போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் இருப்பதால் கரைக்கும்போதே திரிந்து கட்டிதட்டும். அப்படியானால் வடிகட்டிய குடிதண்ணீர் எடுங்கள்.

எதைச் செய்தாலும் மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். சூடான அகர் குழாய் வளைவில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆல்ஜினேட்டும் கால்சியமும் உள்ளே சந்தித்தால் ரப்பராகிவிடும். அகர் பாத்திரத்தை ஆறவிடுங்கள், உறைந்தது தோல் மாதிரி உரிந்து வரும், அதைச் செடிக்குப் போடலாம். ஒட்டியிருப்பதைக் கொதிநீர் ஊற்றித் துணியால் துடைத்தெடுத்த பிறகே கழுவுங்கள். ஆல்ஜினேட் மிச்சத்தில் கால்சியக் கரைசலையெல்லாம் கொட்டி முழுவதையும் இறுகவைத்து, வடிகட்டியில் பிடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கொட்டுங்கள்.